நிரல் நமது, பெயர் எவருடையது?

திறமூல மென்பொருள் எல்லார்க்கும் உரியது என வகுப்பறையில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஓப்பன் ஆபிஸின் வரலாறு அவ்வளவு எளிதன்று.

செருமனியில் பிறந்த ஸ்டார் ஆபிஸ் செயலித் தொகுப்பை 1999இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கிற்று. மறு ஆண்டே அதன் மூலநிரலைப் பொதுவில் வைத்தது. தன்னார்வலர் பலர் பிழை திருத்தினர்; தத்தம் மொழிக்குப் பெயர்த்தனர். ஆயினும், நிரல் அளிப்போர் பதிப்புரிமையைச் சன்னுடன் பகிர்ந்துகொள்வதாக ஒப்பமிட வேண்டியிருந்தது. வணிகப் பெயரும் நிறுவனத்தின் கையிலேயே இருந்தது. தனித்தியங்கும் அறக்கட்டளை அமையும் என்ற தொடக்ககால வாக்குறுதி பத்தாண்டுகளாக ஏட்டளவில் நின்றது. சமூகப் பேரவை என்றோர் அவை இருந்தது உண்மையே. நிறுவனமும் பேரவையும் முரண்பட்டால் எவர் சொல் செல்லும்? புரவலர் நல்லவராயிருந்தவரை அவ்வினாவுக்குத் தேவை எழவில்லை போலும்.

2010 சனவரியில் சன் நிறுவனம் ஆரக்கிளின் உடைமையாயிற்று. செப்டம்பர் 28ஆம் நாள், பங்களிப்பாளர் பலர் பிரிந்து டாக்குமெண்ட் ஃபவுண்டேஷனை அறிவித்தனர். பழைய பெயரைத் தருமாறு ஆரக்கிளிடம் வேண்டினர், கிடைக்கவில்லை. நிரலை எடுத்துச்செல்ல உரிமம் இடந்தந்தது, பெயருக்கு இடந்தரவில்லை. தற்காலிகமாகச் சூட்டிய 'லிப்ரே ஆபிஸ்' என்பதே நிலைத்துவிட்டது. அடுத்த மாதம், பிரிந்தோர் பேரவையிலிருந்து விலகவேண்டும் என ஆரக்கிள் தரப்பினர் கோரினர். பேரவையின் அதிகாரம் எத்துணை மெலிந்தது என்பது அன்றுதான் வெளிப்பட்டது என எண்ணுகிறோம்.

2011இல் ஆரக்கிள் நிரலையும் பெயரையும் அப்பாச்சி அறக்கட்டளைக்கு வழங்கிற்று. அதற்குள் உழைத்தவர் பலர் போய்விட்டிருந்தனர். 2012இல் பெர்லினில் பதிவுபெற்ற புதிய அறக்கட்டளையிலோ பங்களிப்போரே உறுப்பினர். இயக்குநர் அவையை அவர்களே தேர்ந்தெடுக்கின்றனர்.