மஞ்சள் அட்டை தந்த தலைமையாசிரியர்



தோட்டத் திடலில் காற்பந்து நடக்கும்போது நாம் சும்மாவா நிற்கிறோம்? "ரெப்ரிக்குக் கண்ணு தெரியலையா?" என்று சத்தம் போடுகிறோம். அந்த ரெப்ரியின் சட்டைப் பையில் இருக்கும் மஞ்சள் அட்டையும் சிவப்பு அட்டையும் எப்படி வந்தன என்று எண்ணிப் பார்த்ததுண்டா? அவற்றைத் தந்தவர் ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியர்!

அவர் பெயர் கென் ஆஸ்டன். 1915-இல் இங்கிலாந்தின் கோல்செஸ்டர் நகரில் பிறந்தவர். 1936-இல் நடுவராகத் தேர்ச்சி பெற்றார். இரண்டாம் உலகப் போரின்போது இராணுவத்தில் சேர்ந்தார். போர் முடிந்ததும் சிங்கப்பூர் சாங்கியில் போர்க்குற்ற விசாரணை மன்றத்தில் பணியாற்றினார். பிறகு ஊர் திரும்பி, பள்ளி வேலையோடு மறுபடியும் விசிலைக் கையில் எடுத்தார்.

1962 உலகக் கிண்ணப் போட்டியில், சந்தியாகோ நகரில் சிலியும் இத்தாலியும் மோதின. நடுவர் ஆஸ்டன். அது ஆட்டமா? அடிதடி! இத்தாலியின் பெரினியை வெளியேறச் சொன்னார், அவர் அசையவில்லை. போலீஸார் வந்துதான் வெளியே கொண்டுபோனார்கள். இன்னோர் இத்தாலியரும் வெளியேற்றப்பட்டார். ஆனால் குத்துவிட்ட சிலி ஆட்டக்காரர் தப்பித்துக்கொண்டார். அதற்காக ஆஸ்டன் வாங்கிய ஏச்சு கொஞ்சமல்ல.

1966-இல் லண்டன் வெம்பிளி திடலில் இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் கால் இறுதியில் சந்தித்தன. ஆஸ்டன் அப்போது நடுவர்களுக்குப் பொறுப்பாளர். ஆட்டத்தை நடத்தியவர் ஜெர்மானியரான கிரைட்லைன். அர்ஜென்டினா அணித்தலைவர் ராட்டின் பேசியதோ ஸ்பானிய மொழி. "வெளியே போ" என்றதும், "மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுங்கள்" என்று அவர் நின்றுவிட்டார். ஆஸ்டனே திடலுக்குள் போய்ச் சமாதானம் செய்ய வேண்டியதாயிற்று. இங்கிலாந்தின் சார்ல்டன் சகோதரர்கள் எச்சரிக்கப்பட்ட செய்தியும் பத்திரிகையில் வந்த பிறகுதான் தெளிவானது!

காரில் வீடு திரும்பும் வழியெல்லாம் இதே யோசனை. கென்சிங்டன் சாலையில் டிராபிக் லைட் மாறியது. மஞ்சள் என்றால் "பார்த்து, மெதுவாக." சிவப்பு என்றால் "நில்!" ஆஸ்டனுக்குப் பளிச்சென்று பட்டது. எந்த நாட்டுக்காரனுக்கும் இது புரியுமே!

1970 மெக்சிகோ உலகக் கிண்ணத்தில் அட்டைகள் வந்தன. மஞ்சள் அட்டை பலமுறை உயர்ந்தது. சிவப்பு அட்டையை ஒருமுறைகூட எடுக்க வேண்டிவரவில்லை. அடுத்து 1974-இல், மேற்கு ஜெர்மனியின் மியூனிக் நகரில், போலந்தும் ஹெய்ட்டியும் ஆடிய ஆட்டத்தை அதே அட்டைகளோடு நடத்தியவர் யார் தெரியுமா? சிங்கப்பூர் நடுவர் கோவிந்தசாமி சுப்பையா!

ஆஸ்டன் 2001-இல் மறைந்தார். சந்தியாகோவில் பட்ட அவமானத்தோடு அவர் ஒதுங்கிவிடவில்லை. அடுத்து வரும் நடுவர்களுக்கு வழி தேடினார். பெற்றோர்களே, பிள்ளைகளைக் கண்டிக்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள். கண்டிப்பது பெரிதல்ல, எதற்காகக் கண்டிக்கிறோம் என்பது பிள்ளைக்குப் புரிய வேண்டும். புரியாத எச்சரிக்கை வெறும் சத்தம்தான்.