ஐம்பொருட் பானம்: கலப்பு மதுவின் பிறப்பும் பரம்பலும்

மேனாட்டு நாகரிகத்தின் சின்னங்களுள் ஒன்றாகக் கருதப்படுவது கொக்டெயில் என்னும் கலப்பு மது. அது அமெரிக்க ஐக்கிய நாட்டின் விடுதிகளிற் பிறந்து உலகெங்கும் பரவியது என்பதே பொதுவான எண்ணம். இவ்வெண்ணம் முற்றிலும் பிழையானதன்று. ஆயினும், அக்கலப்பு மதுவின் முன்னோரைத் தேடிப் பின்னோக்கிச் செல்பவர் நியூயோர்க்கிலோ இலண்டனிலோ நின்றுவிட இயலாது. அவர் இறுதியில் வந்து சேருமிடம் தென்னையும் கரும்பும் எலுமிச்சையும் சாதிக்காயும் விளையும் இந்து சமுத்திரக் கரைகளே. அங்கு 17 ஆம் நூற்றாண்டிலே தோன்றிய ‘பஞ்ச்’ என்னும் பானமே பின்வந்த கலப்பு மதுக்கள் பலவற்றுக்கும் மூலமாயிற்று. அப்பானத்தின் பிறப்பு யாருக்குரியது, அதன் பயனும் பழியும் யார் யாரைச் சென்றடைந்தன என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கள்ளும் சாராயமும்

பழந்தமிழர் மதுவை நன்கறிந்தவர். கள், தேறல், நறவு, தோப்பி என அவர் வழங்கிய பெயர்கள் பல. அரிசியிலிருந்து மது ஆக்கும் முறையைப் பெரும்பாணாற்றுப்படை விரித்துரைக்கின்றது. யவனர் கொணர்ந்த தேறலைப் புறநானூறு குறிப்பிடுகின்றது. அரிக்கமேட்டில் 1945 ஆம் ஆண்டு மோட்டிமர் வீலர் நடத்திய அகழ்வில் வெளிப்பட்ட மதுச்சாடிகளின் உடைவுகள் இத்தகைய வணிகத்துக்குச் சான்று பகர்கின்றன. ஆயின் இவையாவும் நொதித்த மதுக்களே, வடித்தெடுத்தவையல்ல. இவ்வேறுபாடு நமது பொருளுக்கு இன்றியமையாதது.

தென்னம்பாளையைச் சீவும்போது வடியும் சாறு இனிமையானது. முட்டியிற் சுண்ணாம்பு பூசப்பட்டிருப்பின் அது இனிப்பாகவே நிற்கும்; பூசப்படாவிடின் காற்றிலும் கலத்திலுமுள்ள நுண்ணுயிர்களால் ஒரு சில மணி நேரத்துள் நொதித்துக் கள்ளாகும். மேலும் வைத்திருப்பின் புளித்துக் காடியாகிவிடும். ஆதலாற் கள் ஊரில் இறக்கி ஊரிலே அருந்தப்படும் பானமாயிற்று. அதனைக் கப்பலேற்றித் தூரதேசம் அனுப்புதல் இயலாது. கள்ளைக் காய்ச்சி, எழும் ஆவியைக் குளிர்வித்து வடித்தெடுக்கும் சாராயமோ அங்ஙனமன்று. அது கெடுவதில்லை, பீப்பாவில் அடைத்தால் ஆண்டுக்கணக்கில் நிலைத்து நிற்கும். ஐரோப்பியர் வழங்கிய ‘அரக்கு’ என்னும் பெயர் வியர்வை எனப் பொருள்படும் அரபுச் சொல்லின் வழிவந்தது. கலத்தின் சுவரில் துளிதுளியாய்ப் படியும் ஆவியை நோக்கின் அப்பெயரின் பொருத்தம் விளங்கும். கோவாவிலும் இலங்கையிலும் அது தென்னை முதலிய மரங்களின் கள்ளிலிருந்தும், யாவாவிற் பத்தாவியா நகரிற் சர்க்கரைப்பாகின் கழிவிலிருந்தும் வடிக்கப்பட்டது.

பானத்தின் தோற்றம்

1600 ஆம் ஆண்டில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கொம்பனியும் 1602 ஆம் ஆண்டில் ஒல்லாந்தக் கொம்பனியும் நிறுவப்பட்டன. அவற்றின் கப்பல்கள் ஐரோப்பாவிலிருந்து பியரும் முந்திரிகை மதுவும் ஏற்றிப் புறப்பட்டன. மாதக்கணக்கான வெப்பமண்டலப் பயணத்தில் அவை பெரும்பாலும் கெட்டன. எஞ்சியவை விரைவில் தீர்ந்தன. கரையிறங்கிய மாலுமிக்கும் வணிகனுக்கும் எளிதிற் கிடைத்தது சாராயமே. அதன் காரத்தைத் தணிக்க நீரும், சுவையூட்ட எலுமிச்சையும் சீனியும், மணமூட்ட வாசனைத் திரவியமும் சேர்க்கப்பட்டன. இவையனைத்தும் அக்கரைகளிலேயே மலிவாகக் கிடைத்தன.

இப்பானத்தைக் குறிக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்று 1632 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 28 ஆம் திகதிக்குரியது. கொம்பனியின் ஊழியரான றொபேட் அடம்ஸ், ஆந்திரக் கரையிலுள்ள பெத்தபொலியிலிருந்த தம் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அதன் பெயர் இடம்பெறுகின்றது. விளக்கமெதுவுமின்றி அவர் அதனைக் குறிப்பிடுவதால், கொம்பனியாரிடையே அது முன்னரே பழக்கத்திலிருந்தது என ஊகிக்கலாம். 1638 ஆம் ஆண்டிற் சூரத்துக்கு வந்த யேர்மானியர் மண்டெல்சுலோவின் பயண நூல் அதனைப் ‘பலெபுன்ற்ஸ்’ எனக் குறித்து, வடிமது, பன்னீர், எலுமிச்சைச் சாறு, சீனி ஆகியவற்றின் கலப்பு என்கின்றது. முகலாயப் பேரரசில் வாழ்ந்த பிரெஞ்சு மருத்துவர் பேணியே அதனைப் ‘பூல்பொஞ்ஜ்’ என வழங்கி, அரக்கு, எலுமிச்சைச் சாறு, நீர், சிறிது சாதிக்காய் என்பன சேர்ந்தது என்றும், வாய்க்கு இனிதாயினும் உடலுக்குக் கேடானது என்றும் எழுதினார். பூல், பலெ என்பன பெருங்கிண்ணத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் திரிபுகளே.

பெயர் பற்றிய வழக்கு

1670களில் இந்தியாவிலிருந்த ஆங்கில மருத்துவர் யோன் பிறையர், 1698 இல் வெளிவந்த தம் நூலில், ஐந்து என்னும் எண்ணைக் குறிக்கும் இந்துஸ்தானிச் சொல்லே இப்பானத்தின் பெயராயிற்று எனவும், ஐந்து பொருள்களால் ஆக்கப்படுவதே அதற்குக் காரணம் எனவும் கூறினார். 1886 ஆம் ஆண்டில் யூலும் பேணலும் வெளியிட்ட ‘ஹொப்சன் ஜொப்சன்’ என்னும் புகழ்பெற்ற சொற்களஞ்சியமும் இப்பொருளை எடுத்தாண்டது. அவ்விருவருட் பேணல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். அங்குள்ள சமஸ்கிருத ஏடுகளுக்கு அட்டவணை வகுத்தவர். பஞ்சாமிர்தம், பஞ்சகவ்வியம் எனப் பலவற்றை அறிந்த நம்மவர்க்கு இவ்விளக்கம் இயல்பாகவே உவப்பளிக்கும்.

ஆயினும் உவப்பு வேறு, உண்மை வேறு. ஒக்ஸ்போட் ஆங்கில அகராதியின் ஆசிரியர்கள் இவ்விளக்கம் பற்றி ஐயம் எழுப்பினர். 17 ஆம் நூற்றாண்டு ஆங்கில உச்சரிப்பில் அச்சொல்லின் உயிரொலி உகரச் சாயலுடையதாயிருந்தது, அகரமன்று. மண்டெல்சுலோவின் ‘புன்ற்ஸ்’ என்பதும் பேணியேயின் ‘பொஞ்ஜ்’ என்பதும் இவ்வையத்துக்கே துணைநிற்கின்றன. மேலும், பழைய குறிப்புக்கள் இரண்டிலும் தனித்தனியே எண்ணப்படும் பொருள்கள் நான்கேயன்றி ஐந்தல்ல. கப்பல்களிற் கொண்டுசெல்லப்பட்ட பெரும் பீப்பாவைக் குறிக்கும் ‘பஞ்சன்’ என்னும் ஆங்கிலச் சொல்லே சுருங்கி இப்பெயராயிற்று என்பாரும் உளர். பிறையரின் விளக்கம், முன்பே வழங்கிய பெயருக்குப் பின்னர் கண்டறியப்பட்ட பொருத்தமான காரணமாகவும் இருக்கலாம்.

எனவே, பெயரை மட்டும் ஆதாரமாகக் கொண்டு இப்பானத்துக்கு உரிமை கோருதல் உறுதியற்ற அத்திவாரத்தில் வீடு கட்டுதல் போலாகும். சொல்லை விடுத்துப் பொருளை நோக்கினாலோ சான்று தெளிவாகவே உளது. கலந்தவர் ஆங்கிலேயராதல் கூடும். கலப்பு மதுவின் வரலாற்றை ஆராய்ந்த டேவிட் வொண்ட்றிச் 2010 இல் வெளியிட்ட நூலில் அவ்வாறே வாதிடுகின்றார். ஆயின் கலக்கப்பட்ட பொருள்கள் ஆசியாவினுடையவை. அவற்றுள் முதன்மையான சாராயத்தை வடிக்கும் நுட்பமும் ஆங்கிலேயர் வருமுன்னரே இக்கரைகளில் வேரூன்றியிருந்தது. கலந்தவரின் கடிதங்கள் கிடைத்துள்ளன. பாளை சீவியவரும் வடித்தவரும் கடிதம் எழுதவில்லை. எழுதியவர் பக்கமே வரலாறு சாய்வது இத்துறைக்கும் பொருந்தும்.

ஆக்கும் முறை

பஞ்ச் தயாரிப்பதில் ஒரு தருக்க ஒழுங்கு உண்டு. முதலில், கெட்டிச் சீனிக் கட்டியை எலுமிச்சம் பழத்தின் புறத்தோலில் உரைப்பர். தோலிலுள்ள நறுமண எண்ணெய் சீனியில் ஊறும். பின்னர் அச்சீனியை வெந்நீரிற் கரைப்பர். சாராயத்திற் சீனி எளிதிற் கரையாதாகலின், நீரே முந்தவேண்டும். அதன்பின் எலுமிச்சைச் சாற்றை வடித்துச் சேர்ப்பர். சாராயம் அதன் பின்னரே சேரும். இறுதியிற் சாதிக்காயைச் சீவி மேலே தூவுவர். மேற்கிந்தியத் தீவுகளில் வழங்கும் அளவு எளிதில் நினைவிற் கொள்ளத்தக்கது: சாறு ஒரு பங்கு, சீனி இரண்டு பங்கு, மது மூன்று பங்கு, நீர் நான்கு பங்கு. இக்காலத்தார் சீனியைப் பெரிதுங் குறைத்துக்கொள்வர். புளிப்பும் இனிப்பும் ஒன்றையொன்று சமன்செய்ய, வன்மையை நீர் அடக்க, மணம் அனைத்தையும் இணைப்பதே இதன் அடிப்படை.

மேற்றிசைப் பரம்பல்

நாடு திரும்பிய வணிகரோடு இப்பானமும் ஐரோப்பா சென்றது. 1731 இல் இலண்டன் லட்கேற் குன்றில் யேம்ஸ் அஷ்லி பஞ்சுக்கெனவே ஒரு விடுதியைத் திறந்தார். அதே ஆண்டில் நிறுவப்பட்ட சுவீடனின் கிழக்கிந்தியக் கொம்பனியின் முதற் கப்பல் 1733 இல் யாவா அரக்குடன் கொதன்பேக் திரும்பியது. சுவீடனில் வியாழக்கிழமைப் பட்டாணிச் சாற்றுடன் சூடான ‘பன்ஷ்’ அருந்தும் வழக்கம் அவ்வணிகத்தின் எச்சமே. இலண்டன் வொக்ஸ்ஹோல் பூங்காவின் அரக்குப் பஞ்ச் பெரும்புகழ் பெற்றது. தாக்கரே 1847-48 இல் எழுதிய ‘வனிற்றி பெயர்’ நாவலில், இந்தியாவிற் கலெக்டராயிருந்த ஜொஸ் செட்லி அங்கு அதனை மிகையாக அருந்தித் தன் திருமணப் பேச்சைக் குலைத்துக்கொள்கின்றான். கீழ்த்திசைச் செல்வத்துக்கும் அதன் நிலைகுலைவுக்கும் அக்கிண்ணம் குறியீடாகின்றது.

அத்திலாந்திக் பரப்பில் அரக்கின் இடத்தை அடிமைகளின் உழைப்பால் விளைந்த கரும்பின் றம் பிடித்துக்கொண்டது. 1740 இல் அட்மிரல் வேணன், மாலுமிகளின் றமுடன் நான்கு மடங்கு நீர் கலக்குமாறு பணித்தார். அதுவே ‘குறொக்’ எனப்பட்டது. எலுமிச்சை இனப் பழங்கள் ஸ்கேவி நோயைத் தீர்க்கும் என்பதனை 1747 இல் யேம்ஸ் லிண்ட் பரிசோதித்துக் காட்டினார். 1795 இலிருந்து பிரித்தானியக் கடற்படை எலுமிச்சைச் சாற்றை ஒழுங்காக வழங்கியது. இன்பத்துக்காகக் கலக்கப்பட்ட புளிப்பு இவ்வாறு மருந்துமாயிற்று.

‘கொக்டெயில்’ என்னும் சொல்லுக்கு 1806 மே 13 ஆம் திகதி நியூயோர்க் மாநிலத்தின் ஹட்சன் நகரப் பத்திரிகையொன்று இலக்கணம் வகுத்தது: வடிமது, சீனி, நீர், கசப்புச் சாறு என நான்கு. பஞ்சுடன் ஒப்பிடின் இதன் உறவு புலப்படும். மதுவும் சீனியும் நீரும் அப்படியே நிற்கின்றன, எலுமிச்சை நீங்கியது, வாசனைத் திரவியத்தின் இடத்தை மூலிகைகளின் கசப்புச் சாறு பெற்றது. 1862 இல் ஜெரி தோமஸ் வெளியிட்ட கையேடு கலப்பு மது நூல்களுள் முன்னோடியானது. அது பஞ்ச் வகைகளுக்கே முதலிடம் தருகின்றது. அரக்குப் பஞ்சும், அரக்குக் கிடையாதவிடத்து றமிற் சாம்பிராணிச் சத்தைக் கலந்து ஆக்கும் போலி அரக்குப் பஞ்சும் அதிலே காணப்படுகின்றன. போலி செய்யத் தூண்டுமளவுக்கு அரக்கின் மதிப்பு உயர்ந்திருந்தது போலும். பனிக்கட்டி வணிகம் பெருகியபோது நீரின் இடத்தைப் பனிக்கட்டி பிடித்தது. பொதுக் கிண்ணம் தனிக் குவளையாயிற்று. அமெரிக்கப் பனிக்கட்டி 1833 இற் கல்கத்தாவை அடைந்தது. அதனைச் சேமிக்கச் சென்னையில் 1842 இல் எழுந்த கட்டடமே பின்னர் விவேகானந்தர் இல்லமாயிற்று. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிற் கியூபாவிலே பெயர்பெற்ற டய்க்கிரி, றம், எலுமிச்சைச் சாறு, சீனி என்பவற்றைப் பனிக்கட்டியுடன் குலுக்கி வடிப்பது. அது பஞ்சின் நேர்வழித் தோன்றலேயன்றி வேறன்று.

இலங்கையில் எஞ்சியது

மேற்கில் இப்பானம் விருந்தின் அணியாகிக்கொண்டிருந்த காலத்தில், சாராயம் விளைந்த இலங்கையில் அது அரசிறையின் கருவியாயிற்று. சாராயம் விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விடும் முறை ஒல்லாந்தர் காலத்திலேயே இருந்தது. 1796 இல் கரைநாடுகளைக் கைப்பற்றிய பிரித்தானியர் அதனைத் தொடர்ந்து விரிவுபடுத்தினர். உரிமை ஏலத்தில் உயர்ந்த விலை கூறியவருக்கே சென்றது. கட்டிய பணத்தை மீட்க விற்பனையைப் பெருக்குதல் குத்தகைகாரனுக்கும், அடுத்த ஏலத்தை உயர்த்துதல் அரசுக்கும் நலமாயிற்று. இத்தொழிலிற் பொருளீட்டியோர் பின்னர் தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் முதலிட்டு உள்நாட்டு முதலாளி வர்க்கமாய் எழுந்ததைக் குமாரி ஜயவர்த்தன 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் விரிவாகக் காட்டியுள்ளார். மறுபுறம், 1904 இலும் 1912 இலும் எழுந்த மதுவொழிப்பு இயக்கங்கள், தவறணைகளைப் பெருக்கி வருவாய் தேடிய ஆட்சியையே வினவின. 1912 ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டத்தை அவை கடுமையாக எதிர்த்தன. 1915 இன் கலவரத்தை அடுத்து அவ்வியக்கத்தின் தலைவர் பலர் சிறையிலிடப்பட்டனர். குடியை எதிர்த்த குரல் அந்நிய ஆட்சியை எதிர்க்கும் குரலாக முதிர்ந்தது.

ஒரே சாராயம் ஓரிடத்தில் வெள்ளிக் கிண்ணத்தின் பெருமையாகவும், இன்னோரிடத்தில் ஏழையின் கூலியைக் கவரும் குத்தகையாகவும் அமைந்தது. கலப்பு மதுவின் வரலாற்றை எழுதுவோர் முன்னையதை விரித்துரைத்துப் பின்னையதை மறந்துவிடுதல் வழமை. ‘பஞ்ச்’ என்னும் பெயர் ஐந்தினைக் குறித்ததா என்னும் வழக்கு எவ்வாறு முடியினும், அக்கிண்ணத்தில் ஐந்துக்கு மேற்பட்ட பொருள்கள் கலந்திருந்தன என்பது தெளிவு. மரமேறியவனின் உழைப்பும், கரும்புத் தோட்டத்து அடிமையின் வியர்வையும், குத்தகையின் கணக்கும் அவற்றுட் சேரும். அவற்றையும் எண்ணிக் கூறும்போதே அதன் வரலாறு முழுமை பெறும்.