பறக்கும் ரயிலும் பயணியர் மனநிலையும்

ஒரு நகரப் போக்குவரத்தை மக்கள் எந்த அளவு நாடுகிறார்கள் என்பதை, கட்டணமும் வேகமும் மட்டுமன்றி, பயண எதிர்பார்ப்புக்கும் அனுபவத்துக்கும் இடையிலான பொருத்தம் எனக் கொள்ளத்தக்க ‘பயணத் திருப்தி’யும் தீர்மானிக்கிறது என்பதற்குச் சென்னையின் பறக்கும் ரயில் நல்ல சான்றாகும். இந்நகரில் 1895 முதல் 1953 வரை ஓடிய டிராம் வண்டியில், தெருவில் நின்றவர் ஓரடி எடுத்து வைத்தாலே ஏறிவிட முடிந்தது. 1995-இல் கடற்கரைக்கும் சேப்பாக்கத்துக்கும் இடையே தொடங்கி, 1997-இல் மயிலாப்பூரையும் 2007-இல் வேளச்சேரியையும் எட்டிய இந்த மேம்பால ரயிலுக்கோ, பெரும்பாலும் பக்கிங்காம் கால்வாயின் மேலேயே தூண்கள் எழுந்ததால், பயணி பல படிக்கட்டுகள் ஏற வேண்டியிருந்தது. திருமயிலை நிலையத்தைப் போன்ற மாபெரும் கட்டடங்களில் நடைமேடைக்குக் கீழ் வெறிச்சோடிக் கிடந்த தளங்களும் விளக்கு மங்கிய கூடங்களும், கால்வாயிலிருந்து எழும் நாற்றமும், ஏறவேண்டிய படிகளும், முதியோருக்கு மூட்டுவலியையும் மாலையில் தனியே வரும் பெண்களுக்கு அச்சத்தையும் தந்தன. ரயில் உரிய நேரத்துக்கு வந்தாலும் நிலையத்தைக் கடக்கும் சில நிமிடங்களே நினைவில் தங்கின என்பதால், வாசலிலேயே நின்ற மாநகரப் பேருந்தும் ஷேர் ஆட்டோவும் பலருக்கு உகந்தவையாயின. குறை ரயிலில் அன்று, நிலையத்தில்தான் இருந்தது எனக் கருத இடமுண்டு. தரமணி வட்டாரத்தில் கணினி நிறுவனங்கள் பெருகி, வழித்தடம் வேளச்சேரி வரை நீண்ட பின்னரே பெட்டிகளில் கூட்டம் கூடியது; அப்போதும் நடைமேடைக்குக் கீழிருந்த தளங்களின் வெறுமை பெரிதாகக் குறையவில்லை.