தராசும் காவலும்: பிள்ளையார்பாளையப் பட்டு நெசவில் இழைத் திருட்டின் வரலாறு

தூர்தர்ஷனில் 1985-இல் ஒளிபரப்பான ‘கரம்சந்த்’ முதல், சோனி தொலைக்காட்சியில் 1998-இல் தொடங்கிய ‘சி.ஐ.டி.’ வரை, சின்னத்திரையின் குற்றக் கதைகள் பெரும்பாலும் ஒரே தடத்தில் செல்பவை. குற்றம் நிகழும், புலனாய்வாளர் வருவார், முடிவில் குற்றவாளி பிடிபடுவார். காஞ்சிபுரத்துப் பட்டு நெசவைக் களமாகக் கொண்டு பிரியதர்ஷன் இயக்கிய ‘காஞ்சிவரம்’ திரைப்படம் இந்த வரிசையைத் தலைகீழாக்கியது. 2007-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த படத்துக்கான விருதையும், பிரகாஷ்ராஜுக்குச் சிறந்த நடிகர் விருதையும் பெற்ற இப்படத்தில், நெசவாளர் வேங்கடம் காவலர் துணையோடு பேருந்தில் ஊர் திரும்பும் கைதியாகவே அறிமுகமாகிறார். மகளின் திருமணச் சேலைக்காக முதலாளியின் பட்டிழையை நாள்தோறும் சிறிது வாயில் மறைத்து எடுத்துவந்த கதை பின்னோக்கிச் சொல்லப்படுகிறது. குற்றவாளி யாரென்பது முன்பே தெரிந்துவிட்டதால், கையில் இருக்கும் இழை நெய்பவருக்கு ஏன் சொந்தமாவதில்லை என்ற வினாவே எஞ்சுகிறது. அதற்கான விடையைக் காவல் நிலையப் பதிவேடுகளைவிடத் தராசிலும் கணக்கேட்டிலும்தான் தேட வேண்டியிருக்கிறது.

கைலாசநாதர் கோயிலை அடுத்த பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரத்தின் நெசவாளர் குடியிருப்புகளில் முதன்மையானது. இங்கே தறி வீட்டுக்குள் இருந்தது. நெசவாளர் தரையில் வெட்டிய குழியில் கால்களை இறக்கி மிதிகட்டைகளை இயக்கும் குழித்தறி வீட்டின் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ள, மிஞ்சிய இடத்தில் குடும்பம் வாழ்ந்தது. நீளவாட்டு இழைகளாகிய பாவைத் தெருவில் இழுத்துக் கட்டிக் கஞ்சியிட்டுப் பதப்படுத்தும் வேலை மட்டும் பலர் கூடி வெளியில் செய்வதாக இருந்தது. திரைப்படம் காட்டுவதுபோல் முதலாளியின் கொட்டடியில் பலர் அமர்ந்து நெய்து, மாலையில் வாசலில் சோதனைக்கு உட்பட்டு வெளியேறும் முறை இவ்வூரின் பொதுவழக்கன்று. நெசவாளரின் சமையலறைக்குப் பக்கத்திலேயே முதலாளியின் பட்டு இருந்தபோது, ஆளைத் தடவிப் பார்க்கும் காவலால் பயனில்லை. அந்தக் காவலைத் தராசு ஏற்றுக்கொண்டது.

கூலி நெசவில் மூலப்பொருள் நெசவாளருடையதன்று. சாயமேற்றிய பாவுப் பட்டும், குறுக்கிழையாகிய ஊடைப் பட்டும், வெள்ளித் தகடு சுற்றிப் பொன் முலாம் பூசிய சரிகையும் எடைபோட்டு வழங்கப்பட்டு, அவ்வெடை நெசவாளரின் கணக்கில் பற்று எழுதப்படும். ஏறத்தாழ 242 கிராம் கொண்ட ‘மார்க்’ என்ற அலகில் சரிகை கணக்கிடப்படுவதால், விலை மிகுந்த அப்பொருளில் சிறு குறைவும் பெருந்தொகையாகிவிடும். நெய்து முடித்த சேலையும் மிச்ச இழையும் மீண்டும் தராசில் ஏறும். இயல்பாக அறுந்து வீணாகும் இழைக்கெனக் குறிப்பிட்ட அளவு கழிவு ஒதுக்கப்பட்டு, அதற்கு மேற்பட்ட குறைவு கூலியில் பிடிக்கப்படும்.

இக்கணக்கின் சிக்கல் பட்டின் இயல்பிலேயே இருக்கிறது. கச்சாப் பட்டைச் சாயத்துக்கு முன் சோப்பு நீரில் காய்ச்சும்போது, இழைமீதுள்ள பசை நீங்கி எடையில் ஏறத்தாழக் கால் பங்கு குறைந்துவிடும். சாயமேறிய பின்னும் பட்டு காற்றின் ஈரத்தை உறிஞ்சும். வணிகத்தில் உலர் எடையின்மேல் 11 விழுக்காடு ஈரம் இயல்பான அளவாக ஏற்கப்படுகிறது. 600 கிராம் பட்டில் 2 விழுக்காடு மாறினாலே 12 கிராம் வேறுபடும் என்பதால், மழைக்காலத்தில் நிறுத்து வாங்கிய இழை கோடையில் சேலையாகத் திரும்பும்போது எடை குறைந்து நிற்கலாம். அந்தக் குறைவைக் காற்று கொண்டுபோனதா, கை கொண்டுபோனதா என்று தராசு பிரித்துச் சொல்லாது. அதனைத் தீர்மானிக்கும் அதிகாரம் தராசு வைத்திருந்தவரிடம் இருந்தது.

எழுதப்பட்ட சட்டமோ தறி இருந்த இடத்தைப் பொறுத்துக் குற்றத்தின் பெயரையே மாற்றியது. 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டப்படி, பணியாளர் கையிலுள்ள முதலாளியின் பொருள் முதலாளியின் உடைமையிலேயே இருப்பதாகக் கொள்ளப்பட்டதால், கொட்டடியில் வேலை செய்பவர் இழையை எடுத்தால் அது பணியாளர் செய்த திருட்டாயிற்று. 381-ஆம் பிரிவு அதற்கு 7 ஆண்டு வரை சிறை விதித்தது. வீட்டுத் தறிக்கு ஒப்படைக்கப்பட்ட இழையை நெசவாளர் தமதாக்கிக்கொண்டால், அது 405-ஆம் பிரிவு வரையறுத்த நம்பிக்கை மோசடியின்கீழ் வந்தது. 406-ஆம் பிரிவின்படி அதற்கான சிறை 3 ஆண்டு வரை இருந்தது. தண்டனைச் சட்டத்துக்கு ஓராண்டு முன்னரே, 1859-இன் தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டம், முன்பணம் பெற்று வேலையை முடிக்காத கைவினைஞரைக் குற்ற நடுவர் முன் நிறுத்த வழிசெய்திருந்தது. கடன் வழக்கைக் குற்ற வழக்காக மாற்றிய அச்சட்டம் 1925-இல்தான் நீக்கப்பட்டது.

சட்டம் போன பின்னும் முன்பணம் போகவில்லை. திருமணத்துக்கோ மருத்துவத்துக்கோ முதலாளியிடம் வாங்கிய தொகை தீரும்வரை வேறொருவருக்கு நெய்ய இயலாது என்ற கட்டுப்பாடு, சில குடும்பங்களில் பிள்ளைகளின் உழைப்பை ஈடுவைக்கும் அளவுக்குச் சென்றது. உடலையும் கரையையும் ஊடையைச் செலுத்தும் தனித்தனி நாடாக்களால் நெய்து இணைக்கும் கோர்வை முறைக்குத் தறியின் மறுபுறம் உதவியாள் ஒருவர் தேவைப்பட்டதும், அவ்விடத்தில் சிறுவரை அமர்த்த ஏதுவாயிற்று. கொத்தடிமை முறை 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டிருந்தும், பட்டுத் தொழிலில் கடனுக்குக் கட்டுண்ட குழந்தைத் தொழிலாளரைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003-இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரம் இடம்பெற நேர்ந்தது.

கூட்டுறவுச் சங்கங்கள் இவ்வுறவை ஓரளவு மாற்றின. கைத்தறிக் கூட்டுறவு நிறுவனமான கோ-ஆப்டெக்ஸ் 1935-இல் தோன்றிய பின் வளர்ந்த இவ்வியக்கத்தில், காஞ்சிபுரத்தின் காமாட்சியம்மன், முருகன், அறிஞர் அண்ணா, திருவள்ளுவர் முதலிய பட்டுச் சங்கங்கள் மூலப்பொருளை வழங்கிச் சேலையைப் பெற்றுக்கொண்டன. எடைபோட்டுக் கொடுத்து எடைபோட்டு வாங்கும் முறை இங்கும் தொடர்ந்தது. ஆனால் கழிவின் அளவும் கூலி விகிதமும் எழுத்தில் வந்ததோடு, பற்று வரவு நெசவாளரின் கையேட்டிலும் பதிந்ததால், குறைவைப் பற்றி வழக்காட அவருக்கு ஓர் ஆவணம் கிடைத்தது.

இவ்வாறு நோக்கும்போது, ‘காஞ்சிவரம்’ காட்டும் வாசற்சோதனை ஊரின் வழக்கத்தோடு பொருந்தாவிடினும், அது தொட்ட உறவு மெய்யானதே. இழை கொடுத்தவருடையது, உழைப்பு மட்டுமே நெய்தவருடையது என்ற ஏற்பாடு இருக்கும்வரை சில கிராம் குறைவும் ஐயத்துக்கு இடமாகும். அந்த ஐயத்தை முதலாளியின் சொல் தீர்த்த காலத்துக்கும், இருவர் கையிலும் உள்ள கணக்கு தீர்க்கும் காலத்துக்கும் இடைப்பட்ட தொலைவே பிள்ளையார்பாளைய நெசவாளர் ஈட்டிய உரிமையின் அளவாகும்.