இலைத்துருவும் இரைப்பைப் புண்ணும்

1869இல் இலங்கையின் மடுல்சீமையில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் ஆரஞ்சு நிறப் பொட்டுகள் தென்பட்டன. விரலால் தடவினால் துருப் போலத் தூள் ஒட்டும். சில வாரங்களில் இலை உதிரும். பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் த்வெயிட்ஸ் அனுப்பிய மாதிரிகளைப் பார்த்து, இங்கிலாந்தில் காளானியல் அறிஞர் பெர்க்லி அதே ஆண்டில் அந்தப் பூஞ்சணத்துக்குப் பெயரிட்டார். பெயர் கிடைத்தும் அதுதான் காரணம் என்று எல்லாரும் ஒப்பவில்லை. மழை பிசகிவிட்டது, மண் சத்திழந்துவிட்டது, செடி சோர்ந்துவிட்டது என்று தோட்டத் துரைமார் பலர் நம்பினார்கள்; உரத்தை அள்ளிப் போட்டார்கள். 1880இல் இலங்கைக்கு வந்த தாவரவியலாளர் மார்ஷல் வார்ட் இரண்டு ஆண்டு உழைத்து, பூஞ்சண வித்திகள் காற்றில் பறந்து, ஈர இலையில் முளைத்து, இலைத்துளை வழியே உள்ளே நுழைவதைக் காட்டினார். அதற்குள் கோப்பியின் கதை முடியத் தொடங்கிவிட்டது. அந்தச் சரிவுகளில் தேயிலை ஏறியது.

கோப்பி போன மலையில், தேயிலைத் தொழிலாளரின் லயங்களில் இன்று அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ‘கேஸ்ட்ரிக்’. மேல்வயிற்றில் எரிச்சல், புளித்த ஏப்பம், குமட்டல். காரணமும் தயாராகவே இருக்கிறது: கொச்சிக்காய்ச் சம்பல், வெறும் வயிற்றில் பிளேன்டீ, நேரத்துக்குச் சாப்பிடாத பழக்கம். துரைமார் மழையைச் சொன்னதற்கும் நாம் கொச்சிக்காயைச் சொல்வதற்கும் பெரிய வேறுபாடில்லை என்பதே என் கட்சி. இரண்டிலும், நோயோடு கூட வருவதை நோயின் காரணமாக எடுத்துக்கொள்கிறோம்.

இந்தத் தவறு மலைநாட்டுக்கு மட்டும் உரியதல்ல. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உலக மருத்துவமே அமிலத்தையும் காரத்தையும் மனக்கவலையையும்தான் குற்றஞ்சாட்டியது. அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்பது பாடம். 1979இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் நோயியல் மருத்துவர் ராபின் வாரன், அழற்சி கண்ட இரைப்பைத் திசுக்களில் சுருள் வடிவக் கிருமிகளைத் தொடர்ந்து கண்டார். அவரோடு சேர்ந்த மருத்துவர் பாரி மார்ஷல் அந்தக் கிருமியை வளர்க்க முயன்று தோற்றுக்கொண்டேயிருந்தார். 1982இல் ஈஸ்டர் விடுமுறையால் வளர்ப்புத் தட்டுகள் வழக்கத்தைவிடக் கூடுதல் நாள் கிடந்துவிட, கிருமி தானாக வளர்ந்து நின்றது. 1984இல் மார்ஷல் அதைத் தாமே குடித்தார். சில நாளில் வாந்தி, வாய்நாற்றம். உள்நோக்கிச் சோதனையில் அழற்சி. இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு. ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் அந்தக் கிருமி, தன்னைச் சுற்றி அமோனியாவை உண்டாக்கி அமிலத்தைத் தணித்துக்கொண்டு, சளிப்படலத்துக்குள் பல்லாண்டு குடியிருக்கும்.

‘சம்பல் தின்றால் எரிகிறதே, அது பொய்யா?’ என்று கேட்கலாம். பொய்யல்ல. கொச்சிக்காயின் காரப்பொருள் வெப்பத்தை உணரும் நரம்பைத் தூண்டுகிறது. புண்பட்ட இடத்தில் எரிச்சல் கூடுதலாகத் தெரியும். புண்ணைக் காட்டிக்கொடுப்பது வேறு, புண்ணாக்குவது வேறு. பட்டினியும் வெறுந்தேநீரும் வலியைக் கூட்டலாம். அவற்றை நிறுத்தினால் ஆறுதல் உண்டு, ஆனால் கிருமி போகாது.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. இலைத்துருவுக்கு ஒரே காரணம். இரைப்பை அழற்சிக்கு அப்படியல்ல. இலங்கையில் நடந்த ஆய்வுகள் சிலவற்றில் இந்தக் கிருமி இந்தியாவைவிடக் குறைவாகவே காணப்பட்டது. அப்படியானால் மற்றக் காரணங்களை இன்னும் கவனமாகத் தேட வேண்டும். முதலில் நிற்பது வலிமாத்திரை. ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் புரொஸ்டகிளாண்டின் உற்பத்தியைத் தடுப்பதை மருந்தியல் அறிஞர் ஜோன் வேன் 1971இல் கண்டறிந்தார். இரைப்பையின் சளிக்கவசத்தைக் காப்பதும் அதே பொருள்தான். இடுப்பு நோகக் கொழுந்தெடுத்துவிட்டு டைக்ளோஃபெனாக் போடுபவருக்கு வலி குறையும், கவசமும் மெலியும். பனடோல் இந்த வகையில் சேராது. இரைப்பைக்கு அதனால் வரும் ஆபத்து குறைவு. அடுத்தது சாராயமும் கசிப்பும்; இவை உட்தோலை நேரே தாக்குகின்றன. உடலே தன் இரைப்பைச் செல்களைத் தாக்கும் வகை ஒன்றும் உண்டு. அது பி12 குறைபாட்டில் கொண்டுவிடும். எல்லா எரிச்சலும் அழற்சியுமல்ல. உள்நோக்கிச் சோதனையில் இரைப்பை சுத்தமாக இருப்பவர்களும் பலர்.

‘கிருமி, மாத்திரை என்று பேசினால் வறுமை மறைந்துவிடாதா?’ என்பது கடைசிக் கேள்வி. வார்ட் பூஞ்சணத்தோடு நின்றுவிடவில்லை. மலைக்கு மலை ஒரே பயிரை இடைவெளியின்றி நட்டதே அதற்கு வழிவிட்டது என்றும் பார்த்தார். இங்கும் அப்படித்தான். இந்தக் கிருமி பெரும்பாலும் சிறு வயதில், நெரிசலான வீட்டில், ஒரே குடும்பத்துக்குள் தொற்றுகிறது. ஒரு காம்பராவில் ஒரு குடும்பமே படுக்கும் லயம் அதற்கு வசதி. காப்பில்லாத பீலித் தண்ணீரும் கழிப்பறைப் பற்றாக்குறையும் துணை. மாத்திரையின் பின்னால் நாள் முழுதும் சரிவில் நின்று சுமக்கும் கொழுந்து இருக்கிறது. உண்மைக் காரணத்தைச் சொன்னால்தான் வறுமை தெரியும். கொச்சிக்காயைச் சொன்னால் குற்றம் தொழிலாளியின் நாக்கில் போய் நின்றுவிடும்.

ஆகவே தோட்ட டிஸ்பென்சரிக்குப் போகிறவர்கள் என்ன சாப்பிட்டோம் என்பதோடு என்ன வலிமாத்திரை போடுகிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். எரிச்சல் வாரக்கணக்கில் நீடித்தால் கிருமிச் சோதனை கேளுங்கள். கிருமி இருந்தால் நுண்ணுயிர்க்கொல்லிகளும் அமிலம் குறைக்கும் மருந்தும் சேர்ந்த ஒன்றிரண்டு வாரச் சிகிச்சையில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். மலம் தார் போலக் கறுத்தாலோ வாந்தியில் இரத்தம் கண்டாலோ, இஞ்சித் தேத்தண்ணி குடித்துக் காத்திராமல் அன்றே பதுளை ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.