ஏற்காடு வளைவும் அம்பாசடர் கியர் பாக்ஸும்

செமஸ்டருக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் கியர் பாக்ஸ் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். காரணம் என் வகுப்பு நண்பன். போன மாதம் சேலத்திலிருந்து ஏற்காடு போகும்போது, ஒரு கொண்டை ஊசி வளைவில் அவன் அப்பாவின் பழைய கார் 'கடகட'வென்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் "பிரிச்சுப் பாக்கவே வேணாம் சார், முழு செட்டா மாத்திடுங்க" என்றார்களாம். சொன்ன தொகையோ அந்தக் காரை விற்றால் கிடைப்பதில் பாதிக்கு மேல்.

என் பெரியப்பா 1980களில் சேலத்தில் அம்பாசடர் டாக்ஸி ஓட்டியவர். இதைக் கேட்டதும் கொதித்துவிட்டார். "பிரிக்காமலே எப்படிடா சொல்றான்?" அவர் காலத்தில் கியர் பாக்ஸை முழுசாக மாற்றுவது என்ற பேச்சே கிடையாதாம். ஏன் கிடையாது என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

சுதந்திரத்துக்கு முன்னால் நம் ஊரில் ஓடியவை பெரும்பாலும் வெளிநாட்டுக் கார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் பம்பாயில் பாகங்களைக் கொண்டுவந்து பூட்டி விற்றது. ஃபோர்டும் அப்படித்தான். 1949ல் முழுக் கார் இறக்குமதிக்குத் தடை வந்தது. 1953ல், இங்கேயே படிப்படியாகத் தயாரிக்கத் திட்டம் உள்ளவர்களுக்கு மட்டும் அனுமதி என்று அரசு முடிவெடுத்தது. இரண்டு கம்பெனிகளும் கடையைக் கட்டின. ஓடிக்கொண்டிருந்த செவர்லேக்களுக்குத் தாய் வீடு இல்லாமல் போனது. பல் உடைந்தால் காயலான் கடையில் தேட வேண்டும், இல்லை லேத்தில் கடைந்துகொள்ள வேண்டும்.

பிறகு வந்தது அம்பாசடர். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1957-58ல் உத்தர்பாராவில் தயாரிக்க ஆரம்பித்தது. புதுக் காருக்குப் பதிவு செய்துவிட்டு வருடக் கணக்கில் காத்திருந்த காலம் அது. கியர் பாக்ஸ் போனால் "வேற கார் வாங்கிக்கலாம்" என்று யாரும் சொல்ல முடியாது.

இங்கேதான் நம்ம ஏற்காடு வருகிறது. சேலத்திலிருந்து மேலே போக 20 கொண்டை ஊசி வளைவுகள். பழைய அம்பாசடரில் ஸ்டியரிங் பக்கத்திலேயே ஹேண்ட் கியர், முன்னால் போக 4 கியர். இதில் 2, 3, 4க்கு சின்க்ரோ வளையம் உண்டு. அதாவது இரண்டு சக்கரங்களின் வேகத்தையும் ஒன்றாக்கிவிட்டுப் பல்லைக் கோக்கும். முதல் கியருக்கு அது கிடையாது. ஆள் நிறைந்த வண்டி வளைவில் திணறும்போது, ஓடிக்கொண்டே முதல் கியர் போட்டால் பல்லோடு பல் நேராக இடிக்கும். தெரிந்த டிரைவர் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு ஆக்சிலேட்டர் கொடுத்து, மறுபடி கிளட்ச் மிதித்துக் கியரைப் போடுவார். இதுதான் டபுள் கிளட்ச். தெரியாதவர் 'க்ரீச்' என்று போடுவார், ஒவ்வொரு தடவையும் பல் நுனி கொஞ்சம் உதிரும். பெரியப்பாவுக்குச் சத்தத்தை வைத்தே ஓட்டுவது சொந்தக்காரரா டிரைவரா என்று தெரிந்துவிடுமாம். (கொஞ்சம் அளக்கிறார் என்று நினைக்கிறேன்.)

இதில் ஒரு வம்பு உண்டு. லே கியர் என்பது பல சக்கரங்கள் ஒன்றாகச் சேர்ந்த ஒரே துண்டு. அதில் ஒரு பல் போனாலும் முழுத் துண்டையும் மாற்ற வேண்டும். காசில்லாதவர்கள் பல்லில் வெல்டு வைத்து அரத்தால் சீவி ஓட்டினார்கள். சூடு பட்ட பல் பழைய உறுதியோடு இருக்காது, மலையில் மறுபடி காலை வாரும். ஆனால் ஒரே மாதிரி வண்டி பல வருடம் வந்ததால், ஒன்றின் லே கியர் இன்னொன்றுக்குப் பொருந்தியது. சென்னை புதுப்பேட்டைக்குப் போனால் ஏதாவது கிடைக்கும். பிரித்து, கெட்டதை மட்டும் மாற்றுவதே அன்று மலிவு.

எல்லாக் காருக்கும் இந்த யோகம் இல்லை. வண்டலூர் ஸ்டாண்டர்டு கம்பெனி 1985ல் 'ஸ்டாண்டர்டு 2000' விட்டது, 1988ல் தயாரிப்பே நின்றது. சில வருடமே வந்த காருக்கு எந்தக் காயலான் கடையில் ஸ்பேர் குவியும்?

1983 டிசம்பரில் வந்த மாருதி 800 கணக்கை மாற்றியது. அம்பாசடரில் எஞ்சினும் கியர் பாக்ஸும் முன்னால், டிஃபரென்ஷியல் பின் அச்சில் தனியாக. மாருதியில் முன் சக்கரம் இழுப்பதால் கியரும் டிஃபரென்ஷியலும் ஒரே கூட்டுக்குள், ஒரே ஆயிலில். நண்பன் வீட்டுக் காரும் இந்த வகைதான்.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா தெரிந்த மெக்கானிக்கை வைத்துப் பிரித்தே விட்டார். ஆயிலை வடித்தால் வெள்ளிப் பொடி மாதிரி மின்னியது. ஒரு பேரிங் நொறுங்கி, அதன் தூள் மற்ற பேரிங், டிஃபரென்ஷியல் எல்லாவற்றிலும் ஏறியிருந்தது. ஒன்றை மாற்றினால் அடுத்த மாதம் இன்னொன்று போகும். பெரியப்பா கையைத் துடைத்துக்கொண்டு, "செட்டாவே மாத்திடலாம்" என்றார். ஆனால் புதுசு வேண்டாமாம். அதே மாடலில் பின்னால் அடிபட்ட வண்டியின் கியர் பாக்ஸ் ஒன்று கிடைத்திருக்கிறது. அதையும் ஆயிலை வடித்துப் பார்த்த பிறகுதான் காசு கொடுப்பாராம். இந்தச் சனிக்கிழமை போகிறோம்.