சீனக்குடாவும் சாமானியரின் வானமும்

ஒரு நாட்டில் பாதைகள் யாருக்காக அமைக்கப்பட்டன என்பதை அறிந்தால், அந்நாட்டை ஆண்டவர்களின் நோக்கம் யாதென்பதும் விளங்கிவிடும். தரைப் பாதைக்கும் இருப்புப் பாதைக்கும் பொருந்தும் இவ்வுண்மை ஆகாய மார்க்கத்துக்கும் பொருந்தும். திருகோணமலைத் துறைமுகத்தை அண்டியுள்ள சீனக்குடா விமானத்தளம் இதற்குத் தக்க சான்றாகும்.

இத்தளத்தை அமைத்தவர்கள் திருகோணமலை மக்களின் பிரயாண வசதியைக் கருதி அமைக்கவில்லை. பிரித்தானிய ஏகாதிபத்தியத்தின் கடற்படைக்கும் எண்ணெய்க் குதங்களுக்கும் காவலாகவே அது எழுந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தின்மீதும் இத்தளத்தின்மீதும் குண்டு பொழிந்தன. இந்தக் கரையில் வாழ்ந்த எளிய மக்களுக்கு, விமானம் என்பது முதலில் ஏறிச் செல்லும் வாகனமாக அன்று, அஞ்சி ஒளிய வேண்டிய பொருளாகவே அறிமுகமாயிற்று. 1957இல் தளம் இலங்கையின் கைக்கு வந்தது. ஆனால், கொடி மாறியதே தவிர, தளத்தின் குணம் மாறவில்லை. அது தொடர்ந்து விமானப் படையின் தளமாகவே இருந்தது.

சுதந்திரத்தின் வாயிலில் வேறொரு நம்பிக்கையும் பிறந்தது. 1947 டிசம்பர் 10ஆம் தேதி, அரசின் எயார் சிலோன் நிறுவனம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத் தன் டக்கோட்டா விமானத்தைச் செலுத்தியது. பின்னர் திருகோணமலைக்கும் அதன் சேவை வந்தது. ஏழைத் தொழிலாளி அதில் பறந்தான் என்று சொல்வதற்கில்லை. எனினும், ஆகாயப் போக்குவரத்தும் பொதுமக்களுக்குரிய ஒரு சேவையே என்ற எண்ணமாவது அதில் அடங்கியிருந்தது. 1970களின் இறுதியில் அந்நிறுவனம் மூடப்பட்டது.

அடுத்து வந்தது யுத்தம். 1990இலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ரயில் இல்லை. கண்டி வீதியும் அடைபட்டது. வடக்கையும் தெற்கையும் இணைத்த வழிகள் அற்றுப்போன நிலையில், லயன் எயார் முதலிய சிறு தனியார் நிறுவனங்கள் பலாலிக்கும் இரத்மலானைக்கும் இடையே பறக்கலாயின. நோயாளியும் மாணவனும், வெளிநாடு செல்ல விண்ணப்பித்தவனும் அவற்றையே நம்ப நேர்ந்தது. வசதியுள்ளவன் விரும்பி ஏறும் வாகனம், வேறு வழியற்றவன் கடன்பட்டு ஏறும் வாகனமாயிற்று.

1998 செப்டம்பர் 29ஆம் தேதி, பலாலியிலிருந்து புறப்பட்ட லயன் எயாரின் அந்தனோவ் விமானம் மன்னார்க் கடற்பரப்பின் மேல் விடுதலைப் புலிகளால் சுட்டு வீழ்த்தப்பட்டது. 48 பிரயாணிகளும் 7 பணியாளரும் மாண்டனர். பிரயாணிகளில் மிகப் பெரும்பாலோர் தமிழர். தமிழர் விடுதலையின் பெயரால் தமிழ்ப் பிரயாணிகளைக் கொன்ற இச்செயலை எந்த நியாயமும் மூடி மறைக்க இயலாது. அதேபோல், ஒரு மக்கள் கூட்டத்தின் பாதைகளையெல்லாம் அடைத்து, போர் நடக்கும் வானத்தையே அவர்களுக்கு வழியாக விட்டுவைத்த ஆட்சியின் பொறுப்பும் சிறிதன்று. யுத்தம் முடிந்த பின்னரே விமானத்தின் சிதைவுகள் கடலடியிலிருந்து மீட்கப்பட்டன. 2014இல், மீட்கப்பட்ட உடைகள் உறவினர் அடையாளம் காண்பதற்காக யாழ்ப்பாணத்தில் வைக்கப்பட்டன. 15 ஆண்டுகள் காத்திருந்தோர்க்குக் கிடைத்தது ஒரு சட்டைத் துண்டு!

அந்நிகழ்ச்சிக்குப் பின் தனியார் விமானங்கள் நின்றன. அப்போது மீண்டும் திருகோணமலையே வடபுலத்தாரின் வாயிலாயிற்று. காங்கேசன்துறையிலிருந்து கப்பலேறி, அனுமதிப் பத்திரத்துக்கும் சோதனைக்கும் காத்துநின்று, மக்கள் இத்துறைமுகத்தில் வந்திறங்கினர். வானத்தில் மறுக்கப்பட்ட பாதையை அவர்கள் கடலில் தேடினர். யுத்தத்தின் நிழல் இக்கரையையும் விடவில்லை. 2008 ஆகஸ்ட் 26ஆம் தேதி இரவு, இம்முறை புலிகளின் விமானம் வந்து கடற்படைத் தளத்தில் குண்டு வீசியது.

சமாதான காலத்தில் சீனக்குடாவுக்கு வந்தது எது? 2013இல் தொடங்கிய சினமன் எயார் என்ற தனியார் நிறுவனம், சுமார் எட்டுப் பேரை ஏற்றும் செஸ்னா விமானங்களைக் கட்டுநாயக்காவிலிருந்து இங்கே கொண்டுவந்தது. நிலாவெளியின் கடற்கரையை நாடிய உல்லாசப் பிரயாணிகளுக்கு அது வசதியாயிற்று. அவர்கள் வருவதில் குற்றமில்லை; அவர்களால் சிலருக்கு வேலையும் கிடைக்கிறது. ஆனால், இலாபத்தையே அளவுகோலாகக் கொண்ட நிறுவனம் ஹோட்டலைத் தேடி வரும். மூதூரின் நோயாளியைத் தேடி வராது. அதன் இயல்பு அது.

ஏகாதிபத்தியத்தின் படை, உள்நாட்டு யுத்தம், உல்லாசப் பயணம் என மூன்று காலங்கள் இக்கரையைக் கடந்துவிட்டன. மூன்றிலும் இங்குள்ள மீனவனும் விவசாயியும் விமானத்தை அண்ணாந்து பார்த்தவர்களே. ரயிலையும் பஸ்ஸையும் மக்களின் உரிமை என்று நாம் பேசக் கற்றிருக்கிறோம். ஆகாய மார்க்கத்தைப் பற்றியும் அவ்வாறு பேசக் கற்கவேண்டும். சிறு நிறுவனம் பறக்கட்டும். ஆயினும், அது யாரை ஏற்ற வேண்டும், எந்தக் கட்டணத்தில் ஏற்ற வேண்டும், எந்தப் பாதுகாப்போடு இறக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு மக்களிடமும் அவர்களுக்குக் கட்டுப்பட்ட அரசிடமும் இருக்கவேண்டும். நடுக்கடலில் மாண்ட அந்த 55 பேருக்கும் நாம் செலுத்தத்தக்க அஞ்சலி அதுவே.